தம்பிக்கு மருந்து தொப்புள்கொடியிலா, அக்காவிடமா?

அரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

வயது 29. தாய்மாமனையே கட்டியிருக்கிறார், மாமியார் முறையில் சொந்தப் பாட்டி. கணவருக்கு முக்கால் ஏக்கர் மரவள்ளி, மற்ற நாட்களில் வாடகை வண்டி ஓட்டுகிறார். மூத்தவளுக்கு எட்டு வயது, நன்றாக இருக்கிறாள். பையனுக்கு நான்கு வயது. ஏழாவது மாதத்தில் முகம் வெளுத்து, வயிறு உப்பி, பால் குடிக்காமல் சோர்ந்துபோனவனைச் சோதித்ததில் பீட்டா தலசீமியா மேஜர் (உடம்பால் சரியான ரத்தத்தை உண்டாக்க முடியாத பரம்பரை நோயின் கடுமையான வகை) என்று தெரிந்தது. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் ஏற்றுகிறார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு கடைசியாக எடுத்தபோது 2,400. இரும்பை வெளியேற்றும் மாத்திரையைக் கொடுத்தால் குமட்டுகிறதாம். "ஒரு நாள் கொடுப்போம், ரெண்டு நாள் விட்டுடுவோம்" என்கிறார்.

இப்போது அவர் ஒன்பது வார கர்ப்பிணி. தனியார் தொப்புள்கொடி ரத்த வங்கியின் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, "இந்தப் பிள்ளையின் கொடி ரத்தத்தைச் சேமித்தால் பையன் குணமாகிவிடுவான், 60,000 ரூபாய்தான், தவணையில் கட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெங்களூருவில் ஒரு கிளினிக், பையனின் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து மூன்று ஊசி போட நான்கு லட்சம் கேட்டிருக்கிறது. கணவர் நிலத்துக்கு விலை பேசிவிட்டார். பெரியவளின் எலும்பு மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்கச் சொன்ன நர்ஸிடம் மாமியார், "பொட்டப்புள்ள முதுகெலும்பைக் குடைஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்" என்று சண்டை போட்டிருக்கிறார். கடைசியாக மூன்று கேள்விகள்: சொந்தத்தில் கட்டியதுதான் காரணமா? பையன் பதினைந்து வயதைத் தாண்ட மாட்டான் என்கிறார்களே, உண்மையா? அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா?

அம்மா, உங்கள் வயிற்றில் இருக்கும் கரு பற்றிய பகுதி காத்திருக்காது என்பதால் அதை உங்களுக்கு முன்பே தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயும் சேர்த்திருக்கிறேன். மற்ற விஷயங்களில் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தை விற்க வேண்டாம், யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இன்னும் பிறக்காத பிள்ளையிடம் நீங்கள் தேடுவது, எட்டு வருடமாக உங்கள் வீட்டிலேயே ஓடியாடிக்கொண்டிருக்கலாம். அதை யாரும் இதுவரை சோதித்துப் பார்க்கவில்லை.

ஸ்டெம் செல் என்றால் எந்த ஸ்டெம் செல்?

ஏஜென்ட்டும் கிளினிக்காரரும் ஒரே பெயரைச் சொல்வதால் இரண்டும் ஒரே சரக்கு என்று நினைத்துவிட்டீர்கள். அப்படி இல்லை. உடம்பில் பல வகை ஸ்டெம் செல்கள் உண்டு. எலும்பு மஜ்ஜையில் இருப்பவை ரத்தத்தை உண்டாக்குபவை. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் அவற்றிலிருந்துதான் வருகின்றன. 1961-இல் கனடாவின் டொரான்டோ நகரில் டில், மெக்குல்லக் என்ற இருவர் எலிகளில் இதைக் காட்டினார்கள். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கும் ரத்தத்தில் இதே வகை செல்கள் கொஞ்சம் இருக்கும். கொழுப்பிலிருந்து எடுப்பவை வேறு. அவை எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு போன்றவற்றின் பக்கம் போகக்கூடியவை. அவற்றிலிருந்து ரத்தம் வராது.

உங்கள் பையனுக்குக் கோளாறு 11-ஆவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவில். ஹீமோகுளோபினின் ஒரு பாதியைச் செய்யும் குறிப்பு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிழை மஜ்ஜையில் மட்டும் இல்லை, அவன் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது, கொழுப்பு செல்லிலும்தான். இதை உங்கள் கணவருக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. தேமல் விழுந்த மரவள்ளியில் கரணை வெட்டி எந்த வயலில் நட்டாலும் முளைப்பது தேமலாகத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பெங்களூரு ஊசியும் அதேதான். நான்கு லட்சம் கொடுத்தாலும் நாற்பது லட்சம் கொடுத்தாலும் மூன்று வாரம் கழித்து ரத்தம் ஏற்றத்தான் வேண்டியிருக்கும்.

அவனுடைய சொந்தச் செல்லை வைத்தே குணப்படுத்தும் வழி உலகத்தில் இல்லாமல் இல்லை. பிள்ளையின் மஜ்ஜை செல்களை எடுத்து, ஆய்வகத்தில் மரபணுவைத் திருத்தித் திரும்பச் செலுத்துவது. 'காஸ்கெவி' என்ற அந்தச் சிகிச்சைக்கு 2024 ஜனவரியில் அமெரிக்கா தலசீமியாவுக்கு அனுமதி கொடுத்தது. அப்போதைய விலை 22 லட்சம் டாலர். அன்று கொடுத்த அனுமதியும் 12 வயது நிரம்பியவர்களுக்குத்தான். பெங்களூரு கிளினிக் அதைச் செய்யவில்லை, அதன் பெயரை மட்டும் கடன் வாங்குகிறது. யாராவது ஸ்டெம் செல் ஊசி என்று வந்தால், "ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலில் இதற்கு அனுமதி எங்கே, எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். ரத்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்று என்பது ஏற்கப்பட்ட சிகிச்சை. அது தவிர, ஆட்டிசம், மூட்டுவலி, சர்க்கரை என்று பட்டியல் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போடும் ஊசிகளில் பெரும்பாலானவை நம் நாட்டில் ஆராய்ச்சிக்கு வெளியே செய்யக் கூடாதவை. ஆராய்ச்சி என்றால் உங்களிடம் காசு வாங்கக் கூடாது.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை

அந்தப் பாதிதான் சிக்கல். முழுப் பொய்யாக இருந்தால் நீங்களே விரட்டியிருப்பீர்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தால் ஒரு பிள்ளையை முதன்முதலில் காப்பாற்றியது 1988-இல், பாரிஸில். ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் உள்ள பையன். கொடுத்தது அப்போதுதான் பிறந்த அவன் தங்கை. அன்றைக்கும் ஒருவரின் கொடி ரத்தம் இன்னொருவருக்குத்தான் போனது. தனியார் வங்கிகள் "உங்கள் பிள்ளைக்கு உங்கள் பிள்ளையின் செல்லே காப்பீடு" என்று விற்கிறார்கள். பரம்பரை ரத்த நோய்க்குச் சொந்தக் கொடி ரத்தம் பயன்படாது. ஏனென்று மேலே சொல்லிவிட்டேன். வருங்காலத்தில் தனக்கே பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே தலசீமியா பிள்ளை இருந்து, அடுத்த பிள்ளை பிறக்கும்போது கொடி ரத்தத்தை எடுத்து வைப்பது நியாயமான காரணம். அதைத்தான் அவர் உங்களிடம் பாதியாகச் சொன்னார். சொல்லாமல் விட்ட மீதி இது. அந்த ரத்தம் உங்கள் பையனுக்கு ஆக வேண்டுமானால் இரண்டு விஷயம் சேர்ந்து அமைய வேண்டும். பிறக்கும் பிள்ளைக்கு தலசீமியா மேஜர் இருக்கக் கூடாது. அதற்கு வாய்ப்பு நான்கில் மூன்று. அண்ணனோடு எச்.எல்.ஏ. (ஒருவரின் செல்லை இன்னொருவரின் உடம்பு ஏற்குமா என்று காட்டும் அடையாளங்கள்) பொருந்த வேண்டும், அதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6-ஆவது குரோமோசோமில் இருப்பவை, தலசீமியாவோடு அவற்றுக்குச் சம்பந்தம் கிடையாது. இரண்டையும் பெருக்கினால் பதினாறில் மூன்று. ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. "குணமாகிவிடுவான்" என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இன்னொன்று. பொருந்தும் பிள்ளையாகவே பிறந்தாலும், கொடி ரத்தத்தைத் தவறவிட்டால் வாய்ப்பே போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை. அந்தப் பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் மஜ்ஜையே கொடுக்கலாம். எடுப்பதாக முடிவானால் அதை மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனையோடு பேசி முடிவு செய்யுங்கள், வீட்டுக்கு வந்த ஏஜென்ட்டோடு அல்ல. கொடியைச் சீக்கிரம் வெட்டினால்தான் பையில் ரத்தம் நிறையும் என்று அவசரப்படவும் விடாதீர்கள். பிறந்த பிள்ளைக்கு அந்த ரத்தம் வேண்டும். ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதலில் அக்காவைப் பாருங்கள்

பெரியவளுக்கு நோய் இல்லை என்று ஏற்கெனவே தெரியும். அவள் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு இப்போதே, வீட்டிலேயே இருக்கிறது. சோதனைக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுக்கும் எச்சில் போதும், இல்லையென்றால் கொஞ்சம் ரத்தம். உங்கள் இருவரையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோ முழுதாகப் பொருந்துவதும் சில சமயம் நடக்கும். அவள் தலசீமியா கேரியராகவே (பிழையுள்ள மரபணு ஒரு பக்கம் மட்டும் இருந்து, நோய் இல்லாதவளாக) இருந்தாலும் கொடுக்கலாம், அது தடை இல்லை.

இப்போது உங்கள் மாமியாருக்கு. முடிந்தால் இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பாட்டிம்மா, முதுகெலும்பை யாரும் தொட மாட்டார்கள். மஜ்ஜையை எடுப்பது இடுப்பின் பின்பக்கம், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கையால் தொட்டால் மேடாகத் தெரியுமே அந்த எலும்பிலிருந்து. மயக்கம் கொடுத்து, ஊசியால் உறிஞ்சுவார்கள். கத்தி கிடையாது, தையல் கிடையாது. எலும்பை எடுப்பதில்லை, எலும்புக்குள் இருக்கும் ரத்தம் போன்ற திரவத்தைத்தான் எடுக்கிறார்கள். பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவுதான். விழித்ததும் இடுப்பு வலிக்கும், சில நாள் உட்கார்ந்து எழ முனகுவாள். சில வாரங்களில் எடுத்தது எல்லாம் திரும்ப ஊறிவிடும். பிற்காலத்தில் பிள்ளை பெறுவதற்கு இதனால் எந்தக் குறையும் வராது. மயக்க மருந்துக்கு உண்டான சிறிய ஆபத்து உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். அது வேறெந்தச் சிறிய அறுவை சிகிச்சைக்கும் உள்ள அளவுதான்.

ஒரு வேண்டுகோள். எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவளிடம் சொல்லுங்கள், கேள்வி கேட்க விடுங்கள். பொருந்தவில்லை என்று வந்தால், அது அவள் குற்றமில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். இதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

பொருந்தினால் என்ன நடக்கும்

தமிழ்நாட்டில் தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்றுவதில் நீண்ட அனுபவம் உள்ள இடம் வேலூர் சி.எம்.சி. ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக உங்களுக்குப் போகக்கூடிய தூரம்தான். மாற்று என்றதும் பெரிய ஆபரேஷன் என்று நினைப்பார்கள். பையனுக்கு ஆபரேஷனே இல்லை. முதலில் ஒரு வாரத்துக்கு மேல் வீரியமான மருந்துகள் கொடுத்து அவனுடைய மஜ்ஜையைக் காலி செய்வார்கள். பிறகு அக்காவின் மஜ்ஜையை, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ரத்தப் பை மாதிரியே தொங்கவிட்டு, பெரிய ரத்தக்குழாயில் போட்ட டியூப் வழியே ஏற்றுவார்கள். செல்கள் தாங்களே எலும்புக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் புதிய ரத்தம் வரத் தொடங்கும்.

ஆபத்து அந்த வாரங்களில்தான். அந்தச் சமயத்தில் அவனுக்கு எதிர்ப்புச் சக்தியே இருக்காது. சாதாரணச் சளியும் நிமோனியாவாகலாம். அக்காவின் செல்கள் தம்பியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகப் பார்த்துத் தாக்கலாம். புதிய மஜ்ஜை ஒட்டாமலும் போகலாம். அந்த மருந்துகளால் பிற்காலத்தில் அவனுக்குக் குழந்தைப்பேறு பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. பொருந்திய உடன்பிறப்பு, சின்ன வயது, கெடாத ஈரல் என்றால் பத்தில் எட்டு, ஒன்பது பிள்ளைகள் தலசீமியா இல்லாமல் வெளியே வருகிறார்கள். மீதி ஒருவரோ இருவரோ வருவதில்லை என்பதும் அதே கணக்கில் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். மருத்துவமனைவாசம் ஒரு மாதத்துக்கு மேல். அப்புறம் நூறு நாள் வரைக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் நீங்கள் கைக்குழந்தைக்காரியாக இருப்பீர்கள். யார் பையனோடு இருப்பது, யார் மற்ற பிள்ளைகளைப் பார்ப்பது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"கெடாத ஈரல்" என்றேனே, அங்கேதான் எனக்குக் கவலை. ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்புக்கு அதை வெளியே தள்ள வழி கிடையாது. ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். ஃபெரிட்டின் 2,400 என்பது படிந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். 1,000-க்குக் கீழே வைக்கத்தான் பார்ப்போம். ஈரல் வீங்கித் தழும்பேறிவிட்டால், அக்கா பொருந்தினாலும் மாற்று சிகிச்சையின் பலன் குறையும். ஆக இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடிய, காசு செலவில்லாத பெரிய காரியம், அந்த மாத்திரையை விடாமல் கொடுப்பது. கரையும் மாத்திரை என்றால் காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ முழுதாகக் கலக்கிக் கொடுங்கள். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதையும் குடிக்க வையுங்கள். மருந்தில் ஒரு பங்கு அங்கேதான் தங்கும். அரை மணி கழித்துச் சாப்பாடு. அப்படியும் வாந்தி நிற்கவில்லை என்றால் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்; அதே மருந்து வேறு வடிவத்திலும், வேறு மருந்தும் இருக்கின்றன. மாமியார் ரத்தம் ஊறட்டும் என்று பேரீச்சம்பழச் சிரப்பும் இரும்பு டானிக்கும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாசம்தான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

வயிற்றில் இருக்கும் பிள்ளை

நீங்களும் கணவரும் கேரியர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று மேஜர், நான்கில் இரண்டு கேரியர், நான்கில் ஒன்று எதுவுமில்லை. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்ற கணக்கு இதில் இல்லை. கருவுக்கு நோய் இருக்கிறதா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதிக்கலாம். அதற்கு முன் உங்கள் இருவருடைய மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று தெரிய வேண்டும். அதனால்தான் தனியாக எழுதியபோது உடனே மருத்துவமனைக்குக் கிளம்பச் சொன்னேன்.

கருவைச் சோதிப்பதே குற்றம் என்று ஊரில் யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை. தலசீமியா போன்ற ஹீமோகுளோபின் கோளாறைப் பார்க்க அதே சட்டம் அனுமதிக்கிறது. அண்ணனுக்குப் பொருந்துமா என்று பார்ப்பது அந்த அனுமதிக்கப்பட்ட காரணங்களில் இல்லை. அதற்காக வற்புறுத்த வேண்டாம். முடிவு மேஜர் என்று வந்தால் தொடர்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். கணவரோடு பேசுங்கள், ஆனால் சட்டப்படி தேவைப்படுவது உங்கள் ஒருவருடைய சம்மதம் மட்டுமே. மாமியாருடையதோ, என்னுடையதோ அல்ல.

பணம்

பொருந்திய உடன்பிறப்பிடமிருந்து மாற்று சிகிச்சை என்றால் பத்து லட்சத்தைத் தாண்டும். கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல் நடத்தும் தலசீமியா பால் சேவா (குழந்தைகள் சேவை) திட்டத்தில், பொருந்திய உடன்பிறப்பு உள்ள பிள்ளைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைக்கே நேராகக் கொடுக்கிறார்கள். வயது, வருமான வரம்பு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் எலும்பு மஜ்ஜை மாற்று இருக்கிறது. காப்பீட்டு அட்டையையும் வருமானச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள், இரண்டு திட்டத்துக்கும் விண்ணப்பத்தை அவரே எழுதித் தருவார். நிலத்தைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

அக்கா பொருந்தவில்லை என்றால்? தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளில் தேடலாம். அப்பா அல்லது அம்மாவிடமிருந்து பாதிப் பொருத்தத்தில் செய்யும் மாற்றும் இருக்கிறது. இரண்டிலும் செலவும் ஆபத்தும் கூடுதல். மாற்று எதுவும் செய்யாமல், ரத்தமும் மாத்திரையும் ஒழுங்காகக் கொடுத்து வளர்ப்பதும் ஒரு வழிதான். பதினைந்து வயது என்று உங்களிடம் சொன்னவர், இரும்பை வெளியேற்றும் மருந்து கிடைக்காத காலத்துக் கணக்கைச் சொல்கிறார். ஒழுங்காக மருந்து எடுத்தவர்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சொந்தத்தில் கட்டியதால் நோய் உண்டாகவில்லை. ஒரே குடும்பத்தில் ஓடும் மறைந்த மரபணு இரண்டு பக்கமும் சேர வாய்ப்பு கூடியது, அவ்வளவுதான். அந்நியத்தில் கட்டிய கேரியர் இருவருக்கும் இதே நான்கில் ஒன்றுதான். அதைப் பாவம் என்று நீங்கள் சுமப்பதில் யாருக்கும் லாபமில்லை. செய்ய வேண்டியது வேறு. உங்கள் தங்கை, கணவரின் தம்பி என்று கல்யாணத்துக்கு நிற்கும் எல்லோரையும், கேரியரா என்று காட்டும் ஹெச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். கேரியர்களுக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாது. லேசான ரத்தசோகை என்று வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிக்கூடம்: கண்டிப்பாகச் சேருங்கள். ஓடட்டும், விளையாடட்டும். மண்ணீரல் பெரிதாக இருந்தால் மட்டும் வயிற்றில் இடிபடும் ஆட்டம் வேண்டாம். தடுப்பூசிகளில், குறிப்பாக ஹெப்படைடிஸ் பி, விட்டது எதுவும் இருந்தால் போட்டுவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் இடம்பெற்றிருக்கிறது. தர்மபுரியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருநாள் ரத்தம் ஏற்றப் போவதால் விடுப்பு எடுப்பான் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுக்கும்போது, மருத்துவமனைச் சான்றிதழோடு அந்த அட்டையின் நகலையும் இணைத்துவிடுங்கள்.